மூணுக்கு அப்புறம்

"ரெண்டே நிமிஷம்! அங்கேயே இருங்க!" என்று கோச் தயாளன் சார் கீழேயிருந்து கத்தினார். அவர் ரெண்டு நிமிஷம் என்றால் இருபது நிமிஷம், அது அந்த நீச்சல் குளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்து மீட்டர் மேடையில், மூன்று மாடி உயரத்தில், ஈர உடுப்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். குளத்து ஓரத்தில் ஒரு ஆள் மோட்டார் பெட்டியைத் திறந்துவைத்து உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த மோட்டார் ஓடினால்தான் குழாயிலிருந்து தண்ணீர் மேல் தூறல் விழும். தூறல் விழுந்து தண்ணீர் கலைந்தால்தான், மேலேயிருந்து குதித்துச் சுற்றிச் சுற்றி வருகிறவளுக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இல்லாவிட்டால் வானமும் நீலம், தண்ணீரும் நீலம், எதில் போய் விழுகிறோம் என்று தெரியாமலே போய் விழவேண்டியதுதான். கண்ணை நம்பித்தான் எல்லாமே. கண் என்று நினைத்ததும் மனசு மறுபடியும் அந்தக் கொசுவிடம் போய் நின்றுகொண்டது. சனியன் பிடித்த கொசு. காலையில் விடுதி மெஸ்ஸில் பொங்கலை எடுத்து வாயில் வைக்கப்போன ஜெர்லின், இவளோடு ஜோடியாகக் குதிக்கிறவள், முகத்துக்கு முன்னால் கையை வீசினாள். ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. "என்னடி?" "கொசுட்டி." பாண்டீஸ்வரி உடனே ரெண்டு கையையும் தூக்கி ஜெர்லின் மூக்குக்கு முன்னால் படீரென்று தட்டினாள். "செத்துச்சா?" "எங்க, தப்பிச்சிட்டு." உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. ரெண்டு பேரும் சிரித்துவிட்டுப் பொங்கலைச் சாப்பிட்டார்கள். அதோடு போயிருக்கவேண்டிய சமாச்சாரம். ஆனால் மேடை ஏறுவதற்கு முன்பு, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் கீழே ஷவரில் நின்றபோது, கொட்டுகிற வெந்நீருக்கு நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு ஜெர்லின் மறுபடியும் கையை வீசினாள். கொட்டுற தண்ணிக்குள்ள கொசு எப்படிடி வரும்? அப்போது அது தோன்றவில்லை. ஏணியில் பாதி ஏறியபோதுதான் தோன்றியது, தோன்றினது தோன்றினதுதான், காலில் ஏறின முள் மாதிரி ஒவ்வொரு படிக்கும் குத்தியது. பக்கத்தில் சதுப்பு நிலம் இருக்கிறது, மேலேயிருந்து பார்த்தாலே பச்சையும் கறுப்புமாகத் தெரிகிறது, அங்கே இல்லாத கொசுவா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அங்கே கோடிக் கொசு இருக்கட்டும், ஷவருக்குள் எப்படி வரும்?

ஜெர்லின் அவளுக்கு வலது பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏதோ ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வலது பக்கம்தான். பாண்டீஸ்வரியின் இடது காதுச் சவ்வு ஒரு தேசியப் போட்டியில் கிழிந்தது. தண்ணீருக்குள் போகும்போது தலை ஒரு நூல் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான், யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது, மேலே வந்தால் உலகத்துச் சத்தமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. டாக்டர் சவ்வை ஒட்டினார், கேட்பது மட்டும் பாதிதான் திரும்பி வந்தது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெர்லின் குனிந்து, "எந்தப் பக்கம் கேக்கும்?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் என்று வலது காதைத் தொட்டுக் காட்டியதும் கட்டிலைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பஸ்ஸில், மெஸ்ஸில், ரோட்டைக் கடக்கும்போது, சினிமாவில், எங்கே போனாலும் வலது பக்கத்துக்கு வந்து ஒட்டிக்கொள்வாள். ஒருநாள்கூட மறந்ததில்லை, ஒருநாள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. மேடையிலும் அதனால்தான் அவள் வலது, பாண்டீஸ்வரி இடது. ரெண்டு பேராகச் சேர்ந்து குதிக்கிற ஆட்டத்தில் ஒருத்தி எண்ணவேண்டும். பாண்டீஸ்வரிக்குக் காது சரியில்லை, அதனால் எண்ணுகிற வேலை அவளுக்கு, கேட்கிற வேலை ஜெர்லினுக்கு. ஒண்ணு என்றால் கை மேலே, ரெண்டு என்றால் முழங்கால் மடங்கும், மூணு என்றால் கால் மேடையை விட்டுப் போய்விடும். மூணுக்கு அப்புறம் எண்ண வேண்டியதே இல்லை, மூணுக்கு அப்புறம் காற்றுதான். ஆறு வருஷமாக ஒருநாளைக்கு எத்தனை தடவை அந்த மூன்று எண்ணைச் சொல்லியிருப்பாள்! தூக்கத்தில்கூடச் சொல்கிறாளாம், ஜெர்லின் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நீ மூணுன்னு சொன்னா எனக்குக் கட்டில்ல காலு துள்ளுது பாண்டி, கேட்டியா, ஒருநாள் இல்ல ஒருநாள் நான் செவத்துல போய் முட்டப் போறேன்."

மதுரையில் அம்மா செல்லூர் முழுக்க, "எம் மக மேல இருந்து குதிக்குது" என்று சொல்லிவைத்திருக்கிறாள். கேட்டவர்கள் பதறிப்போய், "ஏன்த்தா, என்ன கஷ்டம் அதுக்கு?" என்பார்களாம். தினமும் சாயங்காலம் போன் போட்டு, அம்மா பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு உறுப்பாகக் கூப்பிடுவாள். காது எப்படி இருக்கு? கழுத்து எப்படி இருக்கு? மணிக்கட்டு வீக்கம் போயிருச்சா? அந்த ஜெர்லின் பிள்ளை முழங்கால் என்னாச்சு? மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளைப் பட்டை சுற்றியிருந்தது, உள்ளே எலும்புக்கு எலும்பு ஒரு வலி உட்கார்ந்திருந்தது. பத்து மீட்டரிலிருந்து வருகிறவளுக்குத் தண்ணீர் தண்ணீராகவா இருக்கும்? தரைதான் அது. ரெண்டு உள்ளங்கையால் அதை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். நீச்சல் அடிக்கிற பிள்ளைகளுக்குத் தோள் போகிறது, வாட்டர் போலோ ஆடுகிற பையன்களுக்கு விரலும் மூக்கும் போகிறது, குதிக்கிறவர்களுக்கு இடுப்பு, கழுத்து, மணிக்கட்டு. இது தவிர எல்லோருக்கும் பொதுவாகக் காதில் சீழ், மூக்கில் அடைப்பு, மாறி மாறிச் சளி, குளோரினில் வெந்து சிவந்த கண். எல்லாவற்றுக்கும் இவர்களிடம் ஒரே மருந்து: தண்ணிக்குள்ள போனா சரியாயிரும். யார் கிளப்பிவிட்டார்களோ, ஆனால் எல்லோரும் நம்புகிறார்கள். தலைவலியா, தண்ணிக்குள்ள போ. வீட்டு நினைப்பா, தண்ணிக்குள்ள போ. ஜெர்லினே ஜுரத்தோடு குதித்திருக்கிறாள், பாண்டீஸ்வரி வாந்தி எடுத்துவிட்டு வந்து குதித்திருக்கிறாள், ரெண்டு பேரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள், மடச்சிகள். அம்மா காதைக் கேட்பாள், கையைக் கேட்பாள், கண்ணைக் கேட்டதே இல்லை. கண்ணைக் கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? திங்கட்கிழமை காற்று இழுத்து ஜெர்லின் முகம் குப்புறத் தண்ணீரில் அடித்தாளே, அன்றைக்குக்கூட மூக்கைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ரத்தம் வருதா, வரல, சரி. சார் ஐஸ் வைத்தார். ஜெர்லின் ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அடி வாங்கின கன்னத்தோடு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வரும்? அவள் சிரிப்பே அவளுக்கு எதிரி.

சுகந்தி அக்காவும் இப்படித்தான் சிரிப்பாள். நினைக்கக்கூடாது என்று ஏணியில் வரும்போதே ஒதுக்கி வைத்த பேர் அது, இப்போது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இவர்களுக்கு முன்னால் இந்தக் குளத்தில் குதித்தவள் சுகந்தி அக்கா. ஒருதடவை போட்டிக்குப் போகும்போது அதே ரயிலில் வந்தாள், டிக்கெட் ஆபீஸில் வேலை, லீவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள், பாதிச் சுளையை இவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. "மொதல்ல கொசு பறந்துச்சுடி. கண்ணுக்கு முன்னாடி சின்னதா, கறுப்பா. ஒரு வாரம் கைய வீசி வீசி விரட்டினேன். ரூம்ல இருந்தவ கொசுவத்தி கொளுத்தி வெச்சா பாரு! அப்புறம் மின்னல். மழையே இல்ல, ஓரத்துல பளிச் பளிச்னு மின்னல். நான் யாரோ டார்ச் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். போட்டிக்கு முந்தின நாள். ஒரு தடவைதானேன்னு குதிச்சேன். தண்ணிலேந்து மேல வந்தா பாதி உலகத்தக் காணோம். யாரோ கறுப்புத் திரைய இழுத்து விட்டாப்ல." உள்ளே கண்ணுக்குப் பின்னால் ஒரு சவ்வு இருக்கிறதாம், படம் விழுகிற சவ்வு, அதில் முதலில் சின்னதாக ஒரு கிழிசல், அந்தக் கிழிசல்தான் கொசு. அப்போதே போயிருந்தால் வெளிச்சத்தால் சுட்டு ஒட்டியிருப்பார்களாம். குதித்த குதியில் முழுக்கப் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. ரெண்டு ஆபரேஷன் செய்தும் திரும்பவில்லை. அக்கா சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள், அந்தப் பக்கம் வந்த டீக்காரரைப் பார்க்க முழுத் தலையையும் திருப்பினாள், டீயை வாங்கி ஜன்னல் பலகையில் வைக்கப்போய்ப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டாள். கப் விழுந்தது. ஜெர்லின்தான் குனிந்து துண்டால் துடைத்தாள். துடைத்தவளுக்கு ஞாபகம் இருக்குமா? இருக்கும். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், போன வருஷம் எந்தப் போட்டியில் என்ன குழம்பு போட்டார்கள் என்பதுவரை சொல்வாள். அப்படியானால் தெரிந்தேதானா? தெரிந்துகொண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறாள்? சே, இருக்காது, அவள் பொய் சொல்லமாட்டாள். பொய் சொல்லமாட்டாள், ஆனால் சொல்லாமல் இருப்பாள். முழங்கால் வீங்கியதை மூன்று வாரம் பேன்ட்டுக்குள் மறைத்துவைத்தவள்தானே இந்தக் கள்ளி.

கேட்டுவிடலாம். வாயைத் திறந்து, அடியே, உன் கண்ணுக்கு என்னடி என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கேட்டால் அதற்குப் பிறகு கேட்காத மாதிரி இருக்கமுடியாது. நாளைக்குக் காலையில் தேர்வு. ஜெயிக்கிற ஜோடி இந்திய அணி முகாமுக்குப் போகும். ஆறு வருஷமாக, விடியுமுன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் விழுந்து, ஒரே வாளியில் துணி துவைத்து, ஒரே டப்பாவில் ஜெர்லின் அம்மா கொடுத்தனுப்புகிற கருவாட்டுப் பொடியைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டு, எல்லாம் நாளைக் காலைக்காகத்தான். முட்டத்தில் ஜெர்லினின் அப்பா நாளைக்குக் கடலுக்குப் போகமாட்டாராம், போனைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ஜெயித்தால் ரயில்வேயில் வேலை என்று ஒரு ஆபீசர் சொல்லியிருக்கிறார். அதோடு தயாளன் சாரின் சட்டம் வேறு: ஏறினவள் தண்ணீர் வழியாகத்தான் இறங்கவேண்டும், ஏணி வழியாக இறங்கினவள் பேர் மறுநாள் எழுதப்படாது. ஒருத்தி பயந்து இறங்கினால் அந்தப் பயம் ஏணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமாம், அடுத்து ஏறுகிறவள் காலில் பிடித்துக்கொள்ளுமாம். நல்ல மனுஷன்தான், இவர்களுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து ரசம் கொண்டுவருகிற மனுஷன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கல்லு. இந்தக் குளத்தில் ஏணியில் இறங்கின ஆளைப் பாண்டீஸ்வரி பார்த்ததே இல்லை. அதற்கென்று ஒரு வழக்கமும் இருக்கிறது. ஒவ்வொருத்தியும் உடம்பு துடைக்க ஒரு சின்ன ரப்பர்த் துணி வைத்திருப்பாள், கைகால் வழுக்காமல் கடைசிவரை துடைத்துவிட்டு, குதிக்கிறதுக்கு முன்னால் அதை மேடையிலிருந்து கீழே எறிந்துவிடுவாள். எறிந்தால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். துணி போன பிறகு ஆளும் போகவேண்டியதுதான். ஜெர்லின் தன் மஞ்சள் துணியைப் பிழிந்து பாண்டீஸ்வரியின் முதுகைத் துடைத்தாள், கேட்காமலே, எப்போதும் போல, பிறகு அதே துணியின் முனையைத் திருகி அவள் இடது காதுக்குள் விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தாள். என் காதுக்கு இவள் இருக்கிறாள். இவள் கண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஏட்டி, என்ன யோசன? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" "ஒண்ணுமில்ல." "நாளைக்கு உள்ளத நெனச்சுப் பயமா?" "ஆமா." "சும்மா கெட. நாளைக்கு முடிஞ்சதும் நாம பீச்சுக்குப் போறோம், மொளகா பஜ்ஜி திங்கோம், ரெண்டு நாளு தண்ணியக் கண்ணாலயும் பாக்காண்டாம்." "இங்க கொசு கடிக்குதாடி?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள். வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஜெர்லின் துணியை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். "இவ்வளவு ஒசரத்துல கொசு எங்கன வரும்?" என்றாள். அப்பாடா என்று இருந்தது. ஒரு மூச்சு நேரத்துக்கு அப்பாடாதான். அவளே சொல்லிவிட்டாளே, கொசு இல்லை என்று. காலையில் வந்தது நிஜக் கொசு, ஷவரில் வீசினது முடியை ஒதுக்க, நான்தான் கூறுகெட்டவள், ஆரஞ்சுச் சுளை தின்ற நாளிலிருந்து யார் கையை வீசினாலும் பயப்படுகிறேன். தூரத்தில் பறக்கும் ரயில் ஒன்று வளைந்து போயிற்று. வெயில் இன்னும் ஏறவில்லை, மேகம் மூடியிருந்தது, மேடையின் சொரசொரப்பு காலுக்கடியில் ஜில்லென்று இருந்தது. கீழே மோட்டார் ஒருதரம் இருமிவிட்டு ஓடத்தொடங்கியது, குழாயிலிருந்து தூறல் கிளம்பி நீலத்தின் மேல் விழுந்தது, தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது. தயாளன் சார் விசில் ஊதினார். ரெண்டு பேரும் எழுந்து விளிம்புக்குப் போனார்கள். ஜெர்லின் சட்டென்று இடது பக்கம் திரும்பி, பாண்டீஸ்வரியைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். "யாருட்டி போட்டோ எடுக்கது?" என்றாள்.

யாரும் எடுக்கவில்லை. பாண்டீஸ்வரி திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, இருந்தாலும் பார்த்தாள். அந்தப் பக்கம் காலியான கேலரி, அதற்குப் பின்னால் மதில், மதில்மேல் ஒரு காக்கா. "யாருமில்லையே" என்றாள். "பளிச்சுன்னு வந்துச்சே." "இல்லடி." "சரி விடு, கண்ணாடியில எங்கேயாவது வெயிலு பட்டிருக்கும்." வெயிலே இல்லை. ஜெர்லின் துணியைக் கீழே எறிந்தாள். எப்போதும் அவள் எறிகிற துணி குளத்து ஓரத்து வாளிக்குள் போய் விழும், அதற்காகவே வேடிக்கை பார்க்கச் சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள், இன்றைக்கு அது வாளிக்கு ரொம்பத் தள்ளி ஈரத் தரையில் சொத்தென்று விழுந்தது. பாண்டீஸ்வரியின் துணி அவள் கையிலேயே இருந்தது. சார் கீழேயிருந்து கையைத் தூக்கினார். ஆறு வருஷப் பழக்கம் பொல்லாதது, விசில் கேட்டால் உடம்பு தானாக நிமிர்கிறது, நெஞ்சு தானாகக் காற்றை இழுக்கிறது, வாய் தானாக "ஒண்ணு" என்றது. நாலு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. இடது கையில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவைதானேன்னு குதிச்சேன். "ரெண்டு." நாலு முழங்காலும் மடங்கின. வலது பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது, அந்த மூச்சு எப்போது நிற்கும் எப்போது கிளம்பும் என்று அம்மாவின் மூச்சைவிட நன்றாகத் தெரியும். அது மூணுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. எண்ணுகிறவள் சொன்னால் கேட்கிறவள் போவாள், எங்கே என்று கேட்கமாட்டாள், ஏன் என்று கேட்கமாட்டாள், நெருப்பு என்றாலும் போவாள். கடவுளே, இந்தப் பிள்ளை என்னை நம்பி நிற்கிறது. மூணு வரவில்லை. பாண்டீஸ்வரி மேடை விளிம்பில் அப்படியே பொத்தென்று உட்கார்ந்து, ஜெர்லினின் கணுக்காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி! என்னத்துக்குட்டி உக்காந்த? சொல்லு!" "மாட்டேன்." "சாரு பாக்காரு, எந்திரி!" "பாக்கட்டும். ஷவர்ல என்னத்தடி விரட்டின?" ஜெர்லின் காலை உருவப் பார்த்தாள். "தண்ணி கொட்டுறப்ப எந்தக் கொசுடி வந்துச்சு? சொல்லு. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு." "நாளைக்கு ஒரு நாளு பாண்டி. ஒரே ஒரு நாளு. அது முடிஞ்சதும் நானே போயிருப்பேன், சத்தியமா." "நாளைக்கு நாசமாப் போகட்டும்." "எங்கப்பா கோயில்ல உக்காந்திருப்பாரு." "நான் பேசிக்கிறேன் உங்கப்பாகிட்ட." "ஆறு வருஷம்டி" என்று சொல்லும்போது ஜெர்லினின் குரல் உடைந்தது. "நீ எண்ணலேன்னா நானே எண்ணிக் குதிப்பேன், கேட்டியா." "குதி. காலப் பிடிச்சிருக்கேன், நானும் கூடவே வந்து விழுவேன், மார்க்கு எவ்வளவு வருதுன்னு பாப்போம்." ஜெர்லினுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததும் அதற்காகவே இன்னும் அழுதாள். கீழேயிருந்து சார், "ஏம்மா, என்ன நாடகம் அங்க? இறங்கினா நாளைக்குப் பேரு கிடையாது, சொல்லிட்டேன்!" என்று கத்தினார். பாண்டீஸ்வரி ஆறு வருஷத்தில் அந்த மேடையிலிருந்து மூன்று வார்த்தைக்கு மேல் உரக்கச் சொன்னதில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "சார்! ஜெர்லினுக்குச் சுகந்தி அக்கா கொசு, சார்!" குளம் மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. சாரின் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. செருப்பைக்கூடப் போடாமல் வண்டி நிற்கிற பக்கம் ஓடினார், பாதி தூரம் ஓடி, திரும்பி நின்று, "மெல்ல இறக்கு! ஏணியிலயே இறக்கு! தலைய ஆட்டவிடாத!" என்று கத்திவிட்டு மறுபடியும் ஓடினார்.

ஏணியில் பாண்டீஸ்வரி முதலில் கால் வைத்தாள், இவள் வழுக்கினால் என்மேல் விழட்டும் என்று. ஏறும்போது தெரியாத உயரமெல்லாம் இறங்கும்போது தெரிந்தது. இரும்பு வழவழவென்று ஈரமாக இருந்தது, மேலே ஜெர்லினின் பாதம் படியைத் தேடி அந்தரத்தில் ஆடியது. "ஏட்டி, எண்ணு" என்றாள் ஜெர்லின். "எதுக்கு?" "இடப்பக்கம் படி சரியாத் தெரியல. எண்ணினா கால வைப்பேன்." பாண்டீஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள். பட்டை சுற்றின கையால் அந்தக் குளிர்ந்த பாதத்தைப் பிடித்து, படியில் கொண்டுவந்து வைத்தாள். "காலையில நீ அடிச்ச கொசு சாகலட்டி" என்று மேலேயிருந்து மெல்லிய குரல் வந்தது, முகம் தெரியாததால் சொல்ல முடிந்த குரல். "அப்ப ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப நெறைய ஆயிட்டு. எனக்குப் பயமா இருக்கு பாண்டி." வலது காதில்தான் கேட்டது, தெளிவாகக் கேட்டது. பதில் சொன்னால் குரல் நடுங்கும், நடுங்கினால் மேலே இருக்கிறவள் கால் நடுங்கும். அதனால் மேடையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "மூணு" என்றாள். ரெண்டு பேர் காலும் ஒன்றாக ஒரு படி இறங்கின. மூணுக்கு அப்புறம் அவள் ஜெர்லினுக்கு எண்ணியதே இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாலு" என்றாள். ஜெர்லின் கால் வைத்தாள். "அஞ்சு."